ஆர்வி-10, லான்சேர், எபிக், டிபிஎம்: க்ரூஸ் ஸ்பீடு நம்பரை நம்பி காசு போடலாமா?

ஓரிகன் மாநிலத்துல இருக்கறவனுக்கு ஒரு வசதி என்னன்னா வேகமான சின்ன விமானம் செய்யற கம்பெனிங்க எல்லாம் ரெண்டு மூணு மணி நேர டிரைவ்ல இருக்கும். போர்ட்லாண்டுக்கு தெக்க அரோரால வேன்ஸ் ஏர்கிராஃப்ட், கேஸ்கேட் மலையைத் தாண்டுனா ரெட்மண்ட், லான்சேர் பிறந்து வளர்ந்த ஊரு (இப்ப டெக்ஸாஸ் பக்கம் உவால்டேக்கு போயிடுச்சு), அதுக்கு பக்கத்துலயே பெண்ட், அங்க எபிக். நான் ஹில்ஸ்போரோல சிப் கம்பெனி வேலை, கைல லைசன்ஸ், வேன்ஸோட கிட் விமானமான ஒரு ஆர்வி-10ல பங்கு. ஹேங்கர்ல எப்பவும் ஓடுற சண்டை ஒன்னே ஒன்னு தான், "பாகம் பாகமா வர்ற கிட் வாங்கி நாமளே கட்டுனா 300 நாட் போகலாமே, எதுக்கு 40 லட்சம் டாலருக்கு மேல கொடுத்து டிபிஎம் வாங்கணும்?" கேக்க நல்லா தான் இருக்கு. டிபிஎம்னா ஃபேக்டரிலயே கட்டி சர்டிஃபிகேட்டோட விக்கற டர்போப்ராப், அதாவது டர்பைன் இன்ஜின் ப்ரொப்பெல்லரை சுத்தற விமானம். என் அபிப்பிராயம் வேற, சொல்றேன்.

க்ரூஸ் ஸ்பீடுன்னா ஏறி முடிச்சு நேரா போறப்ப இருக்கற வேகம். அதுல மொத தகராறு யூனிட்ல, நாட்னா மணிக்கு இத்தனை நாட்டிகல் மைல். டர்போப்ராப் கம்பெனிங்க எல்லாம் நாட்ல சொல்லுவாங்க, கிட் கம்பெனிங்க நிறைய பேரு மைல்ல சொல்லுவாங்க, மைல்ல சொன்னா நம்பர் பதினஞ்சு சதவீதம் பெருசா தெரியும்ல. ஆர்வி-10க்கு 260 ஹார்ஸ்பவர் இன்ஜின், ஃபுல் வெயிட், 8,000 அடி, 75 சதவீத பவர், இதுக்கு வேன்ஸ் போட்டிருக்கறது 197 மைல், அதாவது 171 நாட். லான்சேர் IV-P (அவங்களோட பிஸ்டன் இன்ஜின் கிட்) விளம்பரத்துல 24,000 அடில 330 மைலுக்கு மேலன்னு வரும், நாட்ல மாத்துனா 290ஐ ஒட்டி நிக்கும். இந்த 330ஐயும் டிபிஎம் 900ஓட 330 நாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "ரெண்டும் ஒன்னு தான் பாஸ்"னு சொல்ற ஆளுங்களை நான் நேர்லயே பாத்திருக்கேன், 40 நாட் எங்க போச்சுன்னு கேட்டா முழிப்பாங்க.

வேன்ஸை ஒரு விஷயத்துல பாராட்டணும், அவங்க தனி ஆளா பறந்தா எவ்வளவு, ஃபுல் வெயிட்ல எவ்வளவுன்னு ரெண்டையும் தனித்தனியா போடுவாங்க, போட்ட நம்பரும் கிட்டத்தட்ட வரும். எங்க ஆர்வி-10 ஃபேரிங் (காத்து தடையை குறைக்கற மூடி) எல்லாம் மாட்டி 8,500 அடில 165 நாட் சொச்சம் கொடுக்குது. ஸ்க்ரீன்ல காட்டுற ட்ரூ ஏர்ஸ்பீடை (காத்துக்குள்ள விமானம் உண்மையா போற வேகம்) அப்படியே எடுத்துக்கறது இல்ல. காத்து அமைதியா இருக்கற காலை நேரமா பாத்து, ஆல்டிட்யூடை ஒரு அடி கூட விடாம பிடிச்சுக்கிட்டு, நாலு திசைலயும் ஓட்டி ஜிபிஎஸ் கிரவுண்ட் ஸ்பீடை எழுதி சராசரி போடணும். இதுக்கு காரணம் இருக்கு. ஆர்வில ஸ்டாட்டிக் போர்ட்டுன்னு (வெளிக்காத்து பிரஷரை எடுக்கற துளை) தனியா பெருசா ஒன்னும் கிடையாது, உடம்போட ரெண்டு பக்கமும் ஒரு பாப் ரிவெட், அதோட தலை உருண்டையா லேசா வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். பாக்க அசிங்கமா இருக்கேன்னு சிலர் அதை எடுத்துட்டு, மேல்தகடோட ஒட்டிப்போற மாதிரி வழவழன்னு மெஷின் பண்ண போர்ட்டை மாட்டுவாங்க, அவ்வளவு தான், ஏர்ஸ்பீடும் ஆல்டிமீட்டரும் தப்பா காட்ட ஆரம்பிச்சிடும். அந்த துருத்தல் தான் அங்க பிரஷரை சரியா வைக்குது. ஆக ஒரு ஓனர் "என்னோடது இவ்வளவு போகுது"ன்னு சொன்னா மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி, எப்படி அளந்தீங்க?

ரெண்டாவது தகராறு உயரம். டிபிஎம், எவல்யூஷன் (லான்சேரோட டர்போப்ராப் கிட்) எல்லாம் 28,000 அடில தான் தன் பெரிய நம்பரை காட்டும். அங்க காத்து தரைல இருக்கறதுல நாப்பது சதவீதம் தான் அடர்த்தி, அதனால 330 நாட் ட்ரூல போறப்ப ஏர்ஸ்பீடு முள்ளு 210, 220 பக்கம் தான் நிக்கும். விமானத்தோட உடம்பு படுற பாடு அந்த 210 அளவுக்கு தான், போய் சேர்றது மட்டும் 330 அளவுக்கு. எதுக்கு எல்லாரும் 28,000னு கேட்டா, 29,000ல இருந்து மேல போக தனி அனுமதி, அதுக்கேத்த கருவின்னு கேப்பாங்க, சொந்தமா கட்டுன விமானத்துக்கு அந்த வம்பு எதுக்குன்னு அதோட நிறுத்திக்கறாங்க. டிபிஎம் 31,000, எபிக் 34,000 வரைக்கும் போகும்.

இந்த மெல்லிசு காத்துல டர்போப்ராப்புக்கு இன்னொரு சூட்சுமம். டிபிஎம் 900ல இருக்கற பிடி6 டர்பைன் இன்ஜினுக்கு உண்மையான வலு 850ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல, அதை வேணும்னே 850 ஹார்ஸ்பவர்ல கட்டிப்போட்டு வச்சிருக்காங்க. மேல ஏற ஏற வலு குறையும், ஆனா குறையற அளவுக்கு கைல மிச்சம் இருக்கறதால ரொம்ப உயரம் வரைக்கும் அந்த 850ஐ விடாம கொடுத்துக்கிட்டே இருக்கும். பிஸ்டன்ல இதையே செய்யணும்னா டர்போ வேணும். IV-Pல இருக்கற 350 ஹார்ஸ்பவர் கான்டினென்டல்ல ரெண்டு டர்போ, ரெண்டு இன்டர்கூலர், அத்தனையும் ஒரு சின்ன கவுலிங்குக்குள்ள திணிச்சிருப்பாங்க. வேலை செய்யும், நல்லாவே செய்யும், சிலிண்டர் சூட்டை பாத்துக்கிட்டே ஓட்டணும் அவ்வளவு தான்.

ஹார்ஸ்பவர் பத்தி பேசறப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச கணக்கு ஒன்னு. செஸ்னா கேரவன் 208பி இஎக்ஸ், 867 ஹார்ஸ்பவர் பிடி6. டிபிஎம் 900, 850 ஹார்ஸ்பவர் பிடி6. கிட்டத்தட்ட ஒரே இன்ஜின் வலு, கேரவன் அதிகபட்சம் 195 நாட், டிபிஎம் 330. சக்கரம் உள்ள போகாது, மேல பெரிய விங், தாங்குகட்டை, பெட்டி மாதிரி உடம்பு, இதுக்கெல்லாம் சேத்து கேரவன் கட்டுற அபராதம் 135 நாட். வேன்ஸ் நம்பர்படி ஆர்வி-10 கேரவனை விட வெறும் 24 நாட் தான் கம்மி, அதுவும் 260 ஹார்ஸ்பவர்ல! அதனால "டர்போப்ராப்னா ஃபாஸ்ட்"ங்கறது தப்பு. கேரவன் வேகத்துக்கு செஞ்சது இல்ல, மண் ரன்வேல மூட்டை இறக்க செஞ்சது, அந்த வேலைல அதை அடிச்சுக்க ஆளே இல்ல. அதே மாதிரி பிசி-12 என்ஜிஎக்ஸும் எபிக் இ1000ம் ரெண்டுமே 1,200 ஹார்ஸ்பவர், பிசி-12 290 நாட், எபிக் 333. பிசி-12ல பின்னாடி இருக்கற கார்கோ கதவை திறந்தா ஒரு மோட்டார் பைக்கையே ஏத்தலாம், அந்த இடத்துக்கு கொடுக்கற விலை தான் அந்த 43 நாட்.

ஒரு சின்ன ஆச்சரியம், எபிக்குக்கு டிபிஎம்மை விட 350 ஹார்ஸ்பவர் அதிகம், வேகத்துல வித்தியாசம் மூணே மூணு நாட். மிச்ச வலு ஏர்றதுக்கும் பெரிய கேபினுக்கும் போயிடுது. வேகத்தை ரெட்டிப்பாக்க வலுவை எட்டு மடங்காக்கணும், வலுவை ரெட்டிப்பாக்குனா வேகம் இருபத்தாறு சதவீதம் தான் கூடும். இதை புரிஞ்சுக்காம IV-Pல செக் நாட்டு வால்டர் எம்601 டர்பைனை மாட்டுனவங்க கொஞ்ச பேரு இருக்காங்க. எல்-410 விமானத்துல வர்ற இன்ஜின் அது, பிடி6 விலைல பாதி கூட இல்லைன்னு ஆசைல வாங்குவாங்க. ஏறும் பாருங்க, ராக்கெட் தான். ஆனா அதே விங், அதே டேங்க், அதே வேக எல்லை, இன்ஜின் மட்டும் ரெண்டு மடங்கு குடிக்கும், அப்புறம் எங்க தூரமா போறது?

இப்ப IV-Pக்கு வர்றேன், ஏன்னா இந்த சண்டையே அதை வச்சு தான். லான்ஸ் நைபாவர் டிசைன், 1990கள் ஆரம்பத்துல வந்தது, கார்பன் ஃபைபர் உடம்பு, விங் வெறும் 98 சதுர அடி. எங்க ஆர்வி-10க்கே 148. தெரிஞ்சவர் ஒருத்தரோட IV-Pல வலது சீட்ல உக்காந்து போயிருக்கேன். கதவை மூடுனதும் அதோட சுத்துல இருக்கற ரப்பர் சீல் காத்தடிச்சு உப்பும், அந்த "உஸ்"ஸுக்கு அப்புறம் வெளி சத்தம் பாதி அடங்கிடும். தோள் தோளோட உரசும், பின் சீட்ல பெரியவங்க ரெண்டு பேர் உக்காந்தா பேக்குக்கு இடம் தேடணும். ஆனா மேல போன அப்புறம் பேச்சே இல்ல, 23,000 அடில மணிக்கு 18 கேலன் குடிச்சுக்கிட்டு 270 நாட்! கேபின் பிரஷர் 5 பிஎஸ்ஐ, அதனால அந்த உயரத்துலயும் மூக்குல குழாய் மாட்டாம டீ குடிச்சுக்கிட்டு வரலாம்.

500 நாட்டிகல் மைல் போகணும்னு வைங்க, ஏர்றது இறங்கறதை விட்டுடலாம். ஆர்வி-10 வேன்ஸ் சொல்ற 171 நாட்ல மூணு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் கம்மி, 36 கேலன். IV-P ஒரு மணி 51 நிமிஷம், 33 கேலன். டிபிஎம் 320 நாட்ல ஒரு மணி 34 நிமிஷம், 90 கேலனுக்கு மேல. திரும்ப படிச்சு பாருங்க, IV-P எங்க ஆர்வி-10ஐ விட ஒரு மணி நேரம் முன்னாடி போய் சேருது, பெட்ரோலும் கம்மி. டிபிஎம்மை விட பதினேழே நிமிஷம் லேட். காகிதத்துல பாத்தா இதை மிஞ்ச எதுவும் இல்ல, இந்த இடத்துல தான் எல்லாரும் மயங்கறாங்க, மயங்கறதுல தப்பும் இல்ல.

மயக்கம் தெளியற இடம் ரன்வே பக்கத்துல. ஆர்வி-10ஐ நான் 75, 80 நாட்ல ஃபைனல் (ரன்வேக்கு நேரா வர்ற கடைசி இறக்கம்) கொண்டு வருவேன், ஃபுல் வெயிட்லயே 55 நாட் பக்கம் தான் ஸ்டால் ஆகும், அதாவது வேகம் பத்தாம விங் தூக்கறதை விட்டுடும். IV-Pல அவர் ஃபைனல்ல 110க்கு கீழ விடவே இல்ல, கண்ணு ஏர்ஸ்பீடை விட்டு நகரல, அதுவரைக்கும் ஜோக் அடிச்சுக்கிட்டு வந்த மனுஷன் வாயே திறக்கல. ஒத்தை இன்ஜின் விமானத்துக்கு சர்டிஃபிகேட் வேணும்னா ஸ்டால் 61 நாட்டுக்குள்ள இருக்கணும்னு அமெரிக்கால 2017 வரைக்கும் ரொம்ப காலமா விதி இருந்தது, அதை தாண்டணும்னா சீட்டு, பெல்ட்டு, உடம்போட பலம் எல்லாத்தையும் கூட்டி விபத்துல ஆள் பிழைக்கறதுக்கு வழி காட்டணும்னு இருந்தது, பிசி-12 அப்படி தான் 67 நாட்ல வாங்கிச்சு. ஸ்டால் ஆனா எப்படி நடந்துக்கும், ஒரு பக்க இறக்கை பட்டுனு சாயுமா இல்ல மெதுவா மூக்கை இறக்குமான்னும் நிரூபிக்கணும். வீட்ல கட்டுறதுக்கு இந்த விதி எதுவும் கிடையாது, கட்டுனவன் கட்டுன மாதிரி. IV-Pக்கும் டிபிஎம்முக்கும் ஒவ்வொரு சதுர அடி விங் மேலயும் வர்ற பாரம் கிட்டத்தட்ட ஒன்னு தான், 36 பவுண்டு, 39 பவுண்டு. ஆனா டிபிஎம்ல விங்கோட பெரும்பகுதியை ஃபிளாப்பே (மெதுவா போறப்ப கூடுதலா தூக்க கீழ இறக்கற தகடு) எடுத்துக்கும், விமானத்தை சாய்க்கற சின்ன எய்லரானுக்கு துணையா ஸ்பாய்லர் வச்சிருப்பாங்க, இதெல்லாம் மெதுவா வந்து இறங்கறதுக்காக பட்ட பாடு. அந்த பாட்டுக்கு தான் காசு.

2009ல அமெரிக்க விமானத் துறை எஃப்ஏஏவே லான்சேர் ஓனர்களுக்குன்னு ஒரு எச்சரிக்கை விட்டுச்சு, மெதுவான வேகத்துல ஸ்டால் ஆகி போற விபத்து அதிகமா இருக்கு, தனியா ட்ரெய்னிங் எடுங்க, ஸ்டால் வார்னிங் கருவி மாட்டுங்கன்னு. ஓனர்களும் சும்மா இருக்கல, லோபோன்னு சங்கம் வச்சு ட்ரெய்னிங் நடத்துறாங்க. இன்சூரன்ஸ்காரன் இதெல்லாம் பாத்துட்டு தான் பேசுவான், அதுவும் புது ஓனர்னா பேசாமலே கூட போனை வச்சிடுவான்.

இதுக்கு லான்சேர் கண்ட பதில் தான் எவல்யூஷன், 2008ல மொத தடவை பறந்தது. நாலு சீட்டு, 750 ஹார்ஸ்பவர் பிடி6, பெரிய விங், பெரிய ஃபிளாப், ஸ்டால் 61 நாட், 28,000 அடில 300ல இருந்து 330 வரைக்கும் போகும், மணிக்கு 40 கேலன் பக்கம். எனக்கு கேட்டா வீட்ல கட்டுற விமானத்துல இதுவரைக்கும் வந்ததுலயே இது தான் ஒழுங்கான டிசைன், கீழ்பக்க வேகத்தையும் மேல்பக்க வேகத்தையும் சேத்து யோசிச்சு செஞ்சது. சோகம் என்னன்னா 2017க்கு அப்புறம் புது கிட் எதுவும் வரல, பாகம் வேணும்னா ஓனர்ங்க ஒருத்தரை ஒருத்தர் தான் கேட்டுக்கணும். எபிக் வேற ரூட்ல போச்சு, எல்டின்னு கிட்டா வித்துக்கிட்டு இருந்தவங்க வருஷக்கணக்கா போராடி 2019 நவம்பர்ல இ1000க்கு சர்டிஃபிகேட் வாங்குனாங்க. கிட்டா இருந்தப்பவே வேகம் இருந்தது, சர்டிஃபிகேட்டுக்கு பட்ட பாடெல்லாம் அந்த வேகத்தை பத்திரமா, எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கறதுக்கு.

ப்ரோஷர்ல வராத இன்னொரு க்ரூஸ் ஸ்பீடு இருக்கு, எங்க ஊர் குளிர்காலத்துல அது நல்லா தெரியும். நவம்பர்ல இருந்து கேஸ்கேட் மலை மேல மேகம் குந்திக்கும், உள்ள நுழைஞ்சா ஐஸ். எங்க ஆர்வி-10 அப்ப ஹேங்கர்ல தூங்கும், வேகம் பூஜ்யம். IV-P பெரும்பாலானதும் அப்படி தான், அந்த வழவழ விங்குல ஐஸ் உடைக்கற ரப்பர் பூட் கிடையாது, கொஞ்சம் ஒட்டுனாலே அதோட வேகமும் போச்சு, ஸ்டால் எங்க வரும்னும் தெரியாம போச்சு. டிபிஎம்காரர் பூட்டை ஆன் பண்ணிட்டு மேகத்தை கிழிச்சுக்கிட்டு 28,000க்கு போயிடுவார், அதுக்குன்னே சோதிச்சு அனுமதி வாங்குன விமானம். "பதினேழு நிமிஷத்துக்கா இவ்வளவு காசு"ன்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது, காசு பதினேழு நிமிஷத்துக்கு இல்ல சாமி, டிசம்பருக்கு.

டர்போப்ராப்ல குறை இல்லாம இல்ல. கீழ பறக்க வச்சா குடிச்சே அழிச்சிடும், 10,000 அடில ட்ராஃபிக்குக்காக பிடிச்சு வச்சாங்கன்னா வேகமும் இல்லாம எரிபொருளும் இல்லாம கை பிசையணும். இருநூறு மைல் ஓட்டத்துக்கு இது வீண், மேல ஏறி மூச்சு விடறதுக்குள்ள இறங்கணும். டிபிஎம் 960க்கு கம்பெனியே சிக்கனமா போகணும்னா 308 நாட், மணிக்கு 57 கேலன்னு தான் சொல்லுது, அதனால 330ஐ போஸ்டர்ல பாத்துக்கோங்க, பயணத்துக்கு 310னு கணக்கு போடுங்க. பைப்பர் எம்700 ப்யூரி 2024ல வந்திருக்கு, 301 நாட், 700 ஹார்ஸ்பவர். 300 நாட் வேணும், டிபிஎம் விலை வேணாம்னா அதை ஒரு தடவை போய் பாருங்க.

என் மார்க்கு: ஆர்வி-10 வெயில் காலத்துல, 500 மைலுக்குள்ள, குடும்பத்தோட, அஞ்சுக்கு நாலரை. பழைய டிபிஎம் 850, காசு இருந்தா கண்ணை மூடிட்டு நாலரை, 320 நாட் கொடுக்கும், டர்பைன் ஓவர்ஹால் பில் வர்ற வருஷத்துக்கு மட்டும் மனசை தயார் பண்ணிக்கோங்க. எவல்யூஷன் நாலு, பாகம் கிடைச்சிருந்தா அஞ்சு. IV-P டெக்னிக்கலா அஞ்சு, எனக்கு வேணுமான்னா மூணு.

இருந்தாலும் IV-P தான் வேணும்னு மனசு கேக்கற ஆளுங்க இருப்பீங்க, புரியுது. பழசு பாக்கப் போனா க்ரூஸ் ஸ்பீடை பத்தி ஓனர்கிட்ட பேச்சே எடுக்காதீங்க, அவரே அரை மணி நேரம் சொல்லுவார். கட்டி முடிச்சப்ப எழுதுன டெஸ்ட் ஃப்ளைட் லாக்கை கேளுங்க, ஃபுல் வெயிட்ல, ஃபிளாப் இறக்கி, சிஜி (எடை மையம்) பின்னாடி இருக்கறப்ப ஸ்டால் எவ்வளவுன்னு அதுல எழுதியிருக்கான்னு பாருங்க. காலி வெயிட்டை எப்ப தராசுல போட்டாங்கன்னு கேளுங்க, ஏசி, லெதர் சீட்டுன்னு ஏத்தி ஏத்தி ரெண்டு பேரும் ஃபுல் டேங்கும்னாலே லிமிட்டை தாண்டற விமானங்க நிறைய இருக்கு. அந்த லாக்குல ஸ்டால் பக்கம் காலியா இருந்தா விலை எவ்வளவு கம்மியா சொன்னாலும் கிளம்பி வந்துடுங்க.